அஞ்சில் ரெண்டு

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னபோது, மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி, "அஞ்சில் ரெண்டு சார்" என்றாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் அவளைப் பெஞ்சின்மேல் ஏற்றி, வகுப்பையே அதைப் பாட்டாகப் பாட வைத்தார். பள்ளியை விட்டுப் போகும்வரை அவளுக்கு அதுவே பெயர். ஒருநாள் சொந்தத் தம்பியே வீட்டில் அப்படிக் கூப்பிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வளர்ந்து, படம் வரைவதையே தொழிலாக்கிக்கொண்டாள். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டே கணக்குப் படிக்கிற மென்பொருள் செய்யும் கம்பெனியில் வேலை. எல்லாக் கணக்கையும் தப்பாகவே போடும் ஒரு கார்ட்டூன் ஆள் அதில் வேண்டும், அவரைத் திருத்தித் திருத்தியே பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் மேனேஜர். அன்று அவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முன்வழுக்கை, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி, நெஞ்சுக்கு ஏறிய பெல்ட், பேசுமுன் சாக்பீஸால் காதைக் குடையும் பழக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. 'அவசரப்புலியார்' என்று பெயரும் வைத்தாள். படத்தைப் பார்த்த தம்பி, "அக்கா, இது அந்த ஆளுதானே?" என்றான். இத்தனை வருஷம் கழித்துமா, விட்டுத் தொலையேன் என்று கெஞ்சினான். அவள் பெல்ட்டை இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றினாள்.

மென்பொருள் நன்றாக விற்றது. அவள் படித்த பள்ளியும் வாங்கியது. சொல்லிக்கொடுக்க யார் போவது என்ற பேச்சு வந்ததும் முந்திக்கொண்டு கை தூக்கினாள்.

கம்ப்யூட்டர் அறையில் பின்சுவரோரம் வாத்தியார் நின்றிருந்தார். திரையில் அவசரப்புலியார் வந்து, காதைக் குடைந்துவிட்டு, பின்னக் கணக்குக்கான வட்டத் துண்டுகளைக் கண்டபடி ஒட்டினார். ஒரு சிறுமி திரையைப் பார்த்தாள், வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அதட்ட வாயைத் திறந்தவரின் கை, தானாகவே காதுக்குப் போனது. அப்புறம் யாரால் அடக்க முடியும்? அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

பிள்ளைகள் போனபின் வாத்தியார் அவளிடம் வந்து, யார் வரைந்தது என்று கேட்டார். தான்தான் என்றாள்.

"எம்மேல என்னம்மா கோவம்? அத எடுத்துடேன். அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகறேன்."

"உங்ககிட்டதான் சார் படிச்சேன். என் பேரு என்னன்னு சொல்லுங்க, இன்னிக்கே எடுத்துடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். ஒரு பெயர் சொன்னார். இல்லை என்றாள். இன்னொன்று சொன்னார். அதுவும் இல்லை. பெஞ்சில் ஏற்றியதாவது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பியிருந்தாள். அந்த முகத்தில் அதற்கான அடையாளமே இல்லை. அதுதான் அவளைப் புதிதாகச் சுட்டது.

"மெதுவா யோசிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த பதிப்பில், தப்பான விடையைச் சொல்லுமுன் அவசரப்புலியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தம்பி பார்த்தான். இந்தத் தடவை அவன் கெஞ்சாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போனான்.