ஸ்பெயார் வீலின் எடை

மோகனராஜ் டிக்கியைத் திறந்து அடித்தட்டைத் தூக்கிக் காட்டினான். ஸ்பெயார் டயர் இருக்க வேண்டிய குழியில் ஒரு பசைப் போத்தலும், காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் கிடந்தன.

கெலிஓயா வீதியில் கார் விற்கும் யாரும் இதைத் தாமாகக் காட்டமாட்டார்கள்.

"டயர் எங்கண்ணே?" என்றான் ஜெயராஜ். ஹேவாஹெட்ட மலையிலிருந்து கார் வாங்க வந்திருந்தான். பக்கத்தில் மனைவி, ஏழு மாத வயிற்றோடு.

"கம்பனியே வைக்கல. ஜப்பான்ல வண்டி இவ்வளவுதான் பெட்ரோல் குடிக்கலாம்னு சட்டம். அதுக்காக எடையக் கொறைச்சானுங்க. டயரத் தூக்கிட்டானுங்க."

"பஞ்சர் ஆனா?"

"ஆணி குத்துனா பசை அடைக்கும். டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா ஒன்னும் செய்யாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வயிறு நிறுத்த விடவில்லை.

"எங்கிட்டயும் இதே வண்டிதான் இருந்துச்சு. போன வருசம் என் வீட்டுக்காரிக்கு வலி வந்து, ஆஸ்பத்திரிக்கு ஹேவாஹெட்ட ரோட்டுல எறங்குனோம். கல்லு டயரக் கிழிச்சிருச்சு. த்ரீவீல் வர ஒன்னர மணித்தியாலம். அதுக்குள்ள நிரோஷா போயிட்டா. புள்ளையும்."

விலைப்பட்டியல் வாசிப்பது போலச் சொன்னான். ஜெயராஜின் மனைவி வண்டிமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"மோகன்!" உள்ளேயிருந்து முதலாளி நஸீப் ஹாஜியார் கத்தினார். "வண்டி விக்கச் சொன்னா மவுத்துக் கதையா சொல்றாய்?"

மோகனராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டோருக்குப் போய் ஒரு வீலை உருட்டி வந்தான். நிரோஷா போன பிறகு வாங்கியது. தன் வண்டியை விற்ற பின்னும் அது அவனிடமே கிடந்தது.

"இதுக்குப் பொருந்தும். சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

"வாங்கிக்குவோங்க," என்றாள் அவள், கணவனைப் பார்த்து.

ஜெயராஜ் வீலை இரு கையாலும் தூக்கிப் பார்த்தான். "பன்னெண்டு கிலோ இருக்குமா?"

"இருக்கும்."

"இதச் சொமந்துகிட்டு தெனம் அந்த ஏத்தம் ஏறணுமே. பெட்ரோல் தட்டுப்பாட்டுல வரிசையில மூணு நாள் ரோட்டுல படுத்துக் கெடந்தவன் நான். எண்ணெய் குடிக்கும்ணே. வேணாம்." வீலைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொண்டான். "வண்டி மட்டும் போதும்."

ஹாஜியார் சிரித்தபடி அவர்கள் உட்காரக் கதிரைகளை இழுத்துப் போட்டார்.

மோகனராஜ் வீலை மறுபடி ஸ்டோருக்கு உருட்டினான். இந்த எடைக் கணக்கைப் போட்டவன் ஜப்பானில் இருக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.