ருசி மட்டும்தான் பார்த்தேன்

தொழிற்சாலை கேன்டீன் மாஸ்டருக்குச் சிறுநீரகம் சுணங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அவர் மனைவி அவருடைய உபதேசத்தைக் கேட்டே களைத்துப்போனாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட அவர் விடவில்லை.

"உப்பு ரத்த அழுத்தத்தை ஏத்தும், அழுத்தம் கிட்னியை அரிக்கும். நான் உப்பைத் தொட்டே ஆறு மாசமாச்சு, தெரியுமா?" என்பார். பதவியைத் துறந்து காட்டுக்குப் போனவர் மாதிரி ஒரு முகம் வேறு.

வீட்டில் அது உண்மைதான். அவருக்குத் துணையாக அவளும் உப்பில்லாமலே சாப்பிட்டு வந்தாள். ஆகவே அன்று காலை டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நேரே அவளைப் பார்த்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சிறுநீர்ல இவ்வளவு உப்பு போகுதே. வீட்டுல குறைக்கவே இல்லையாம்மா? இப்படியே போனா டயாலிசிஸ்லதான் கொண்டுபோய் விடும்."

மாஸ்டர் பெருந்தன்மையோடு, "அவளைத் திட்டாதீங்க டாக்டரம்மா. கை தவறியிருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். "என் கை தவறுச்சா? உப்பு டப்பாவையே பரண்ல ஏத்திட்டேன்! கேன்டீன்ல என்னத்த சாப்பிடுறீங்க?"

"சாப்பிடுறதா? ஒரு பருக்கை கிடையாது. ருசி மட்டும்தான் பார்ப்பேன். அது நாக்குக்கு. வயித்துக்கு இல்ல."

அவள் அப்படியே அவரோடு கேன்டீனுக்கே போனாள். சமையல் மேடையில் ஒரு பெரிய கிண்ணத்தை வைத்தாள். "வாயில ஒரு கரண்டி போனா, இதுலயும் ஒரு கரண்டி ஊத்தணும்."

"அடிகூட நனையாது, போடி!"

சூப் கொதித்ததும் ஒரு கரண்டி. மிளகு போட்டபின் இன்னொன்று. கோழி வெந்ததா என்று ஒன்று, வெந்துவிட்ட சந்தோஷத்தில் ஒன்று. "பருப்பு எப்படி மாஸ்டர்?" என்று உதவியாளர் கேட்டதற்குப் பதிலாக ஒன்று. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கிண்ணம் தளும்பியது.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவுமா நானு?"

"இல்ல, மாடிவீட்டுக்காரர்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் மறுபடி எட்டிப் பார்த்தார். அவள் கோபம் எங்கோ போய்விட்டது.

"பயமா இருக்குதாங்க? எனக்கும்தான். நீங்க மெஷின்ல போய்ப் படுத்துட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"

அவர் கடைசிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். பழக்கதோஷம், கரண்டி தானாக வாயை நோக்கிக் கிளம்பிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு ஊதி ஆற்றி, அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

அவள் முகம் சுருங்கியது. "ஐயய்யோ, கரிக்குதுங்க!"

காய் நறுக்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. மாஸ்டரின் உப்பைப் பற்றி அந்த அடுப்படியில் அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

"மெதுவா சொல்லேன்டி" என்று கிசுகிசுத்தவர், சுடுதண்ணீரை ஊற்றிக் கிளறி, அடுத்த கரண்டியை ஊதத் தொடங்கினார்.

"இப்ப பாரு. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துடு."