அடுப்படியில் தங்கிய குரல்

பக்கவாதம் வந்த மறுநாளிலிருந்து எவரிஸ்தோவின் குரல் அடுப்படியில் தனியாகப் பேச ஆரம்பித்தது. ஆள் வாசலில் நாற்காலியில்தான் இருந்தார். அவர் வாயில் மிஞ்சியது மரவள்ளி என்ற ஒரே சொல். தாகமெடுத்தாலும் மரவள்ளி, மழை வந்தாலும் மரவள்ளி. மற்ற சொற்களெல்லாம் உள்ளே போய்விட்டன. மீன் ஏலம் கூவிக் கூவித் தடித்த அதே குரல், வாழைக்காய் கருகுகிறது என்றும் காப்பியில் வெல்லம் போதவில்லை என்றும் மனைவி தொமித்திலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரை ஊரான போகா தெ கார்சாவில் உடம்பில்லாமல் குரல் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் செத்துவிட்டார். பக்கத்து வீட்டு எதெல்மீரா பெண்களைக் கூட்டிவந்து, வெள்ளைத் துணி விரித்துப் பீடம் கட்டி, ஒன்பது நாள் செபத்தைத் தொடங்கிவிட்டாள். எவரிஸ்தோ தன் சாவுச் சடங்கில் தானே உட்கார்ந்து எல்லோரோடும் காப்பி குடித்தார். கடைசி நாள் பீடத்தைப் பிரித்து, கதவைத் திறந்து, ஆன்மாவைக் கிளம்பச் சொன்னார்கள்.

"எங்கம்மா போகச் சொல்ற? ஆளு அங்க உக்காந்து காப்பி குடிக்கிறானே, கண்ணு தெரியலையா?" என்றது அடுப்படி.

பிறகுதான் பெரியாஸ்பத்திரியிலிருந்து படகில் யாமிலே வந்தாள். பேச்சிழந்த பெரியவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. அடுப்படிக் குரலுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, எவரிஸ்தோவின் இடது கையைத் தட்டித் தட்டி, சொற்களைப் பாட்டாக இழுத்துச் சொல்லவைத்தாள். முதலில் வந்தது தண்ணீர். அன்றைக்கே அடுப்படி திணறியது. "அடியே, அந்த... ஆத்துல ஓடுமே, அது சுடுதா பாரு."

அதற்குப் பின் ஒவ்வொரு சொல்லாக உள்ளேயிருந்து வாசலுக்குக் குடிபெயர்ந்தது. ஊர் மகிழ்ந்தது. தொமித்திலாவால் முடியவில்லை. நாற்காலியில் இருந்தவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள். ஆனால் கேலி பேசியதும் கொஞ்சியதும் அடுப்படிதான். உப்பு என்று சொல்வதற்குள் வியர்த்துப்போகும் இந்த மனிதரை அவளுக்குப் பழக்கமில்லை. புருஷன் தன் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதாகவே பயந்தாள்.

"டாக்டரம்மா, கொஞ்சம் மெதுவா சொல்லிக்குடுங்க. உள்ள ஒருத்தரு ஊமையாகிட்டு வர்றாரு."

"இங்க ஒருத்தரு பேச ஆரம்பிச்சிருக்காரும்மா. இவரும் உங்க வீட்டுக்காரர்தான்."

இரண்டு மழைக்காலம் போனது. கடைசியில் அடுப்படியிடம் ஒரே சொல் மிஞ்சியது: தொமித்திலா. காலையிலிருந்து இருட்டும்வரை அதையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாமிலே தொமித்திலாவின் படத்தை எவரிஸ்தோவின் முன்னால் நீட்டி, கையைத் தட்டி, "தொ..." என்று எடுத்துக்கொடுத்தாள். அவர் படத்தைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். வேண்டுமென்றே "மரவள்ளி" என்றார். யாமிலே விடவில்லை. அவர் கையை உருவிக்கொண்டார்.

"அது... அங்க... இருக்கட்டும்," என்றார், ஒவ்வொன்றாக, மூச்சு வாங்க. "நான்... போன பொறவு... இவள... யாரு... கூப்புடுவா?"

கரண்டியோடு நிலைப்படியில் நின்ற தொமித்திலா ஓவென்று அழுதாள். அழுது முடித்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அன்று பகல் முழுக்க இருவரும் பேசினார்கள். ஒரு வாக்கியத்துக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள். தேங்காய்ச் சோறு அடிப்பிடித்தது. அதைச் சொல்ல அடுப்படியிடம் சொல் இல்லை.

ஆற்றில் வெள்ளம் வந்த அக்டோபரில் எவரிஸ்தோ இறந்தார். எதெல்மீரா மறுபடி பீடம் கட்டினாள். ஒன்பதாம் நாள் கதவைத் திறந்ததும் ஆன்மா மரியாதையாகக் கிளம்பிப் போனது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். பெயர் மட்டும் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

இப்போதும் அந்த வீட்டு அடுப்படி அவளைக் கூப்பிடுகிறது. அவள் ஆற்றுக்குப் போயிருந்தால் எதெல்மீரா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள்: "துணி அலசிட்டிருக்காப்பா, இப்ப வந்துருவா!"