ஒன்றுமில்லாத இடத்தில் முட்டும் வீரன்

கோட்டை வாசலுக்கு நாலு அடி முன்னால் வீரன் நின்றுவிட்டான். நின்றான் என்றும் சொல்ல முடியாது. கால்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆள் மட்டும் நகரவில்லை. எதிரே சுவரில்லை, கல்லில்லை, ஒரு துரும்புகூட இல்லை.

அந்த வாசலுக்குப் போகும் தெருவைக் கணினியில் கட்டியவள், துணிக்கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகளை அலங்கரித்துக்கொண்டிருந்தவள். அந்தக் கைவண்ணத்தைப் பார்த்துத்தான் வீடியோ கேம் கம்பெனி முதலாளி, சோதனைக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு லெவல், அதாவது ஆட்டத்தின் ஒரு கட்டம், கட்டிக் காட்டச் சொல்லியிருந்தார். மதியம் வந்து ஆடிப் பார்ப்பார். வீரன் வாசலைத் தாண்டினால் அவளுக்கு வேலை. தாண்டாவிட்டால் மறுபடி பொம்மைக்குச் சட்டை மாட்டப் போகவேண்டியதுதான்.

பதறிப்போய்த் தெருவை அகலமாக்கினாள். வாசலை உயர்த்தினாள். வீரனை இளைக்க வைத்தாள். வெயிலைக்கூடக் குறைத்துப் பார்த்தாள். இப்போது அவன் குதித்தால் அந்தரத்தில் போய் நின்றுகொண்டான். எது எதனால் ஆயிற்று என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பக்கத்து மேஜையிலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள் கணவனின் தங்கை. அந்தக் கம்பெனியில் அவளுக்கு, ஆட்டங்களில் பிழை பிடிக்கும் உத்தியோகம். குற்றம் கண்டுபிடிக்க நாத்தனாருக்குச் சம்பளமும் கொடுக்கிற உலகம் இது.

"அண்ணி, என்னென்ன மாத்தினீங்க?"

"எல்லாத்தையும்தான்."

"மாத்தறதுக்கு முன்னாடி இருந்த காப்பி?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"நல்லது. எங்க அண்ணன் உங்ககிட்ட எப்படிக் குடும்பம் நடத்துறாரோ."

"உங்க அண்ணனையும் ஒரே காப்பியாத்தானே அனுப்பி வச்சீங்க, பழுது பாக்கவே வழியில்லாம."

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்தாள். "இனி ஒரு நேரத்துல ஒரே மாத்தம். மாத்தினதும் நடக்க விட்டுப் பாருங்க. இந்தப் பிரதியில இடது பக்கக் கடைங்களை அழிங்க. வீரனுக்கு வழி கிடைச்சா கோளாறு அங்கதான்."

அழித்தாள். வீரன் முட்டினான். வலது பக்கத்தை அழித்தாள். முட்டினான். வாசலையும் அழித்தாயிற்று. மொட்டை வெளியில் தன்னந்தனியாக, எதன்மேலோ முட்டிக்கொண்டேயிருந்தான்.

"பேய் கீய் பிடிச்சிருக்குமோ?"

நாத்தனாருக்கே குழப்பம். ஏதோ யோசித்து, மோதக்கூடிய பொருள்களின் ஓரத்தைப் பச்சைக் கோடாகக் காட்டும் பொத்தானைத் தட்டினாள். வெட்டவெளியில் ஒரு படிக்கட்டு பச்சையாக எழுந்து நின்றது.

"அட, இது நேத்தே வேண்டாம்னு எடுத்ததாச்சே."

"எடுத்தீங்களா, மறைச்சீங்களா?"

கடையில் வேண்டாத பொம்மையை யார் தூக்கிப் போட்டார்கள்? மேலே ஒரு துணியைப் போர்த்தினால் தீர்ந்தது. அந்தப் பழக்கத்தில், திரையோரப் பட்டியலில் படிக்கட்டின் பெயருக்குப் பக்கத்திலிருந்த கண் அடையாளத்தை அமுக்கியிருந்தாள். அது கண்ணுக்கு மறைந்ததே தவிர, காலுக்கு மறையவில்லை.

முழுத் தெருவும் இருந்த பிரதிக்குத் திரும்பி, படிக்கட்டை டெலீட் செய்தாள். அங்கேயே இருந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் இருந்தது.

"இதைக் காப்பி கீப்பி எடுத்தீங்களா, அண்ணி?"

"இன்னொரு இடத்துக்குப் படி தேவைப்பட்டுச்சு. பேஸ்ட் அமுக்கினா ஒண்ணும் வரலை. அமுக்கிட்டே இருந்தேன்."

"அதுவும் வந்துட்டேதான் இருந்திருக்கு. மறைச்சதோட காப்பியும் மறைஞ்சுதான் வரும். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருக்கு."

கடைசிப் படிக்கட்டு ஒழிந்தபோது முதலாளி உள்ளே வந்து கண்ட்ரோலரை வாங்கினார். வீரன் தெருவில் நடந்தான். வாசலைத் தாண்டினான். அவள் மூச்சு விடுவதற்குள் மனிதர் வீரனைத் திருப்பிக்கொண்டு வந்து, ஒரு கடையின் பின்புறம் எட்டிப் பார்த்தார். அங்கே சுவரே இல்லை. கண்ணாடிக்குள் அலங்கரித்தவளுக்கு முகப்போடு வேலை முடிந்துவிடுமே.

"பின்னாடி ஒண்ணுமே இல்லையேம்மா. திங்கக்கிழமை வந்து முடிச்சிருங்க." கண்ட்ரோலரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். "இப்ப திட்டினாரா, பாராட்டினாரா?"

"வேலை கிடைச்சிருச்சு, அண்ணி."

"அப்ப அந்தப் பின்பக்கம்?"

"அதுதான் வேலை."