நம்ம நம்பர்

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகிற வழியில், ஒரு தறி குடோனுக்கும் பேக்கரிக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஆலயம். சபையில் மொத்தம் அறுபத்தொரு பேர். செயலாளர் எபினேசர் என்கிற நான். மில்லில் ஸ்டோர் கீப்பராக முப்பது வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணி எழுதுகிறவனுக்கு அறுபத்தொரு மனிதர்களை எண்ணி எழுதுவது ஒரு வேலையா என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அந்தத் திமிர் எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சபைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலையில் ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓயாது. மார்ச் மாதம் எங்கள் பழைய பொருளாளர் இறந்தபோது அடக்க ஆராதனை அறிவிப்பு அந்த ரோஜாக்களுக்கு அடியில் போய்விட்டது. பாதிப் பேர் ஆளைப் புதைத்த பிறகு மாலையோடு வந்து நின்றார்கள். ஆயர் தயாளன் கமிட்டியைக் கூட்டி, எல்லோருக்கும் தனித்தனியாகச் செய்தி போகிற மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும் என்றார். யாரும் வாய் திறப்பதற்குள் நான், "எங்கிட்ட உட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் போட்ட ஆட்டத்தை என் மனைவி ஹெப்சிபாவிடம் கேட்டால் நன்றாகச் சொல்வாள். முதலில் பெங்களூர்க்காரன் ஒருவன் ஒரு செயலியைக் காட்டினான். எல்லோரும் அதைத் தங்கள் போனில் இறக்க வேண்டும். எங்கள் சபையில் பாதிப் பேர் பட்டன் போன் வைத்திருப்பவர்கள். அடுத்து, பதிவு செய்த குரலில் எல்லோருக்கும் போன் போகிற சேவை. சோதித்துப் பார்க்க ஹெப்சிபாவுக்குப் போடச் சொன்னேன். அவள் எடுத்து, "லோனெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பேசியது என் குரல்.

கடைசியில் காந்திபுரத்தில், ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் அஃப்தாப் என்ற பையனின் கம்பெனியைப் பிடித்தேன். சாதாரண எஸ்.எம்.எஸ். எந்தப் போனுக்கும் போகும். ஆனால் அனுப்பப் போகிற வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமாம், தமிழில் எழுபது எழுத்துக்குள் இருந்தால் நல்லதாம். நான் எழுதிக் கொண்டுபோன வாசகத்தை அஃப்தாப் கணினியில் தட்டிப் பார்த்தான்.

"சார், வணக்கமுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களாங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா... இதுலயே எழுபது முடிஞ்சுபோச்சு. விஷயம் எங்க சார்?"

"மொட்டையா எப்படிங்க சொல்றது?"

அவன் பொறுமையாக வெட்டி ஒட்டி ஒன்று செய்து கொடுத்தான். 'அன்புள்ள இன்னார், ஆராதனை இன்ன நாள் இன்ன மணிக்கு. வருக.' பெயரும் நாளும் நேரமும் மட்டும் மாறும். எனக்கு அது பால்காரன் சீட்டு மாதிரி இருந்தது, இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு நம்பர் இருந்தால்தான் அவன் கணினி பட்டியலை வாங்கும். அறுபது பேரிடம் வாங்கிவிட்டேன். மிச்சம் மாரியாத்தாள்.

மாரியாத்தாள் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது அவருடைய கதை. பொங்கியண்ணன் தறிக்குடோனில் தார் சுற்றுகிறவர், அதாவது நாடாவில் போடுகிற நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிறவர். லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன் எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் பேராயர் வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்தினால்தான் எங்கள் சபையில் திருவிருந்தில் பங்கு. பேராயர் வந்த ஒருமுறை இவருக்குச் சிக்குன்குனியா. அடுத்த முறை தறியில் லீவு கிடைக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் எழுந்து அப்பமும் ரசமும் வாங்கப் போகும்போது இவர் மட்டும் கடைசி பெஞ்சில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினொரு வருடம். இந்த ஆகஸ்டில் பேராயர் வருகிறார், விட்டால் இன்னும் நாலு வருடம். படிக்கத் தெரியாதவர், விசுவாசப் பிரமாணம் முழுக்க நூல் சுற்றிக்கொண்டே மனப்பாடம் செய்திருந்தார். "இந்த வாட்டி தப்பக் கூடாதுங்க தம்பி" என்று என்னிடம் நாலைந்து தரம் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் போன் இருக்கிறதா என்று நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லாதவரிடம் இல்லையா என்று எப்படிக் கேட்பது? "சபையில நம்பர் எழுதறோமுங்க அக்கா" என்று இழுத்தேன்.

"எனக்கென்னங்க தம்பி தனியா நம்பரு? நம்ம நம்பரையே போட்டுக்குங்க" என்றார்.

எங்கள் ஊரில் 'நம்ம' என்றால் என்னுடையதும்தான், உங்களுடையதும்தான். உங்கள் நம்பரைப் போடுங்கள், தினம் இந்த வழியாகத்தானே மில்லுக்குப் போகிறீர்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. மாரியாத்தாள் பெயருக்கு எதிரில் என் நம்பரை எழுதினேன்.

முதல் ஆறு வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. சனிக்கிழமை என் போனில் இரண்டு செய்தி வரும். ஒன்று 'அன்புள்ள எபினேசர்', இன்னொன்று 'அன்புள்ள மாரியாத்தாள்'. இரண்டாவதைப் பார்த்ததும் அவர் வாசலில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போவேன். சனி பிடித்தது ஹெப்சிபா அந்தச் செய்தியைப் பார்த்த அன்றைக்கு.

"அன்புள்ள மாரியாத்தாள், இட்லி ஆறுது, வாங்க" என்றாள். அன்று இரவு, "அன்புள்ள மாரியாத்தாள், கதவைத் தாழ் போட்டீங்களா" என்றாள். அவள் தங்கை வந்திருந்தபோதும் அப்படியே கூப்பிட்டாள். கமிட்டியில் ஒருமுறை போன் மேஜைமேல் கிடக்க, பக்கத்தில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். செயலாளருடைய கௌரவம் என்ன ஆவது? காந்திபுரத்துக்குப் போன் போட்டேன்.

"எனக்கு ரெண்டு ரெண்டா வருதுங்க. ஒண்ணு போதும்."

"ஒரே நம்பர் ரெண்டு தடவை இருக்கு சார். டூப்ளிகேட்டை எடுத்துடவா?"

"எடுத்துப்போடுங்க."

இவ்வளவுதான் நான் சொன்னது. அன்றைக்கு மாரியாத்தாள் அக்கா டூப்ளிகேட் ஆனார். அடுத்த வாரம் அஃப்தாப் அனுப்பிய அறிக்கையில் அனுப்பியது அறுபது, சேர்ந்தது அறுபது, நூறு சதவீதம் என்று இருந்தது. அறுபத்தொன்று எப்படி அறுபதானது என்று முப்பது வருட ஸ்டோர் கீப்பருக்குத் தோன்றவில்லை. நூறு சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் தாளில் எடுத்து ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் செய்தேன்.

பேராயர் வரும் ஞாயிறு ஆராதனை ஒன்பது மணிக்கு என்று இருந்தது. அன்றைக்கே துடியலூர் பக்கம் இன்னொரு சபையிலும் திடப்படுத்தல் இருந்ததால், வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, உங்களுக்குக் காலை ஏழு மணி என்றார்கள். ஆயர் பதறினார். நான் பதறவில்லை. ஐந்து நிமிடத்தில் செய்தி போய்விட்டது. நூறு சதவீதம்.

சனிக்கிழமை சாயங்காலம் மில்லிலிருந்து வரும்போது மாரியாத்தாள் அக்கா வாசலில் வெள்ளைச் சேலையை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "நாளைக்குப் பாக்கலாமுங்க தம்பி" என்றார். நான் வண்டியை நிறுத்தாமல் ஹாரன் அடித்து, "ஆமாங்க அக்கா" என்று கத்திவிட்டுப் போனேன். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆலயம் நிறைந்திருந்தது. ஆயர் வரவேற்புரையில், நேரம் மாறியும் ஒருவர் விடாமல் வந்ததற்கு நம் செயலாளர்தான் காரணம் என்றார். பேராயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குச் சால்வை போட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்தேன். உட்கார்ந்ததும் திடப்படுத்தலுக்குப் பெயர் வாசித்தார்கள். ஐந்து பேர். நாலு பேர் எழுந்து முன்னால் போனார்கள்.

"மாரியாத்தாள்" என்று ஆயர் வாசித்தார். இன்னொரு தரமும் வாசித்தார்.

எல்லோரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். டூப்ளிகேட் என்று எடுக்கச் சொன்னது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. செய்தி நம்ம நம்பருக்கு வந்தது, நம்ம நம்பர் என் சட்டைப் பையில் இருந்தது. சால்வையோடே வெளியே ஓடி வண்டியை எடுத்தேன்.

லைன் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, அவசர ஆர்டர் என்று விடியற்காலையிலேயே தறிக்குப் போய்விட்டதாகச் சொன்னார். பொங்கியண்ணன் குடோன் ஊரின் அந்தக் கோடியில். அங்கே தறிகள் ஓடுகிற சத்தத்தில் நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினார். தலையெல்லாம் பஞ்சு.

"ஒம்பது மணிக்குத்தானுங்களே? சேலையெல்லாம் பையில கொண்டாந்துட்டனுங்க. எட்டரைக்குக் கெளம்பி நேரா வந்துபோடுவேன்" என்றார்.

"ஏழு மணிக்கு மாத்திப்போட்டாங்க அக்கா."

அவர் நூல் குச்சியை மெதுவாக வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மறைவுக்குப் போனார். சேலை மாற்றி வந்தார். தலையைத் தட்ட நேரமில்லை. நாங்கள் ஆலயத்துக்கு வந்து சேர்ந்தபோது துடியலூருக்கு நேரமாகிவிட்டதென்று ஆராதனையைச் சுருக்கி முடித்துவிட்டுப் பேராயர் போய்விட்டிருந்தார். கூட்டம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்கா காலியாக இருந்த ஆலயத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சரிங்க தம்பி, குடுப்பினை இல்லையாட்ட இருக்குது. நான் தறிக்கே போறனுங்க" என்றார். அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அழவில்லை.

"வண்டியில ஏறுங்க" என்றேன். என்ன நினைத்துச் சொன்னேன் என்று தெரியாது. துடியலூருக்கு முப்பது கிலோமீட்டராவது இருக்கும். ஆயர் தயாளன் ஓடி வந்து, அங்கே இருக்கிற ஆயருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், வேகமாகப் போங்கள் என்றார்.

வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு போனேன். எழுபது எழுத்து, பதிவு செய்த வாசகம், அஃப்தாப், டூப்ளிகேட் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். தப்பு எப்படி நடந்தது என்று அவருக்குப் புரிய வேண்டுமாம். கோவில்பாளையம் வந்தபோதுதான் பின்னாலிருந்து பேச்சு வந்தது.

"நேத்து என்ற வாசல்லதானுங்களே போனீங்க, தம்பி?"

குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்கப்புறம் துடியலூர் வரைக்கும் வண்டியை மட்டும் ஓட்டினேன்.

அந்த ஆலயத்தில் நுழைந்தபோது பேராயர் கடைசிப் பெண்ணின் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வூர் ஆயர் அவர் காதில் ஏதோ சொன்னார். பேராயர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். யாரென்றே தெரியாத இருநூறு பேர் திரும்பிப் பார்க்க, மாரியாத்தாள் அக்கா நடுப்பாதையில் நடந்து போய் முழங்கால் போட்டார். நான் பின்னால் நின்றேன். சால்வை இன்னும் கழுத்திலேயே இருந்தது.

"ஏம்மா, காலையில உங்க ஊர்லயே வந்திருந்தேனே. நேரம் மாறினதை யாரும் சொல்லலையா?" என்று பேராயர் கேட்டார்.

"சொல்லியுட்டாங்கய்யா. நாந்தானுங்க மறந்துபோட்டேன்" என்றார் அக்கா.

ஆண்டவர் முன்னால் வாக்குக் கொடுக்க அரை நிமிடம் இருக்கும்போது எனக்காக ஒரு பொய். அவர் வாழ்நாளில் எத்தனை பொய் சொல்லியிருப்பாரோ, இதை என் பேரில்தான் எழுத வேண்டும். அவமானம் தாங்க முடியவில்லை.

"இல்லீங்கய்யா, யாரும் சொல்லலீங்க" என்றேன். குரல் ஆலயம் முழுக்க எதிரொலித்தது. "அவங்க பேருக்கு இருக்கற நம்பர் என்னுதுங்க. நான் செயலாளருங்க. ரெண்டு ரெண்டா வருதுன்னு காந்திபுரத்துல சொல்லி..."

பேராயர் என்னைப் பார்க்கவில்லை. நான் எந்த ஊர்ச் செயலாளர், என் பெயர் என்ன என்று கேட்கவும் இல்லை. குனிந்து, "உங்க பேர் என்னம்மா?" என்று அவரிடம்தான் கேட்டார்.

"மாரியாத்தாளுங்க."

பஞ்சு ஒட்டியிருந்த அந்தத் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். நான் பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு வரிசை எழுந்தபோது அக்கா முன்னால் போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.