பவளத் தொட்டியில் வைத்த கை

தம்பி இறந்த கோடையிலிருந்து ஐந்தாம் மாடி அக்காவுக்குக் கோபம் வந்தால் உடம்பு கொதிப்பதில்லை, கை சில்லிட்டுப்போகிறது. அந்தக் கையை முழங்கை வரை பவளத் தொட்டிக்குள் விட்டால், முப்பதைத் தாண்டிய தண்ணீர் தேநீர் ஆறும் நேரத்துக்குள் இருபத்தைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கோபமான நாட்களில், பல்லைப் பதிக்கும் மெழுகு அவள் விரலில் பட்டதுமே இறுகி வெடித்தது. முதலாளி அவளை மெருகேற்றும் மேசைக்கு மாற்றினார்; காரணம் கேட்கவில்லை.

தொட்டி, பள்ளிப் பேருந்து ஓட்டிய தம்பியுடையது. கல்யாணம் வேண்டாம் என்றவன் கடலையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான் என்று சித்தி சொல்வாள். மீன்கள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பவளம், ஊதா விரல்களும் பச்சைக் குடைகளுமாக. பவளம் ரோஷம் உள்ள ஜீவன். தண்ணீர் சூடேறி அப்படியே நின்றால் நிறத்தை உதறிவிட்டு எலும்பாக வெளுத்துவிடும். கோடை மதியங்களில் கரண்ட் போகும். அப்போது கட்டடத்தின் ஜெனரேட்டர் லிஃப்டையும் வீட்டுக்கு ஒரு பிளக்கையும் ஓட்டும். அந்த ஒரு பிளக்கைத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குக் கொடுத்துவிட்டு, அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார்கள்.

அவன் இறந்த அன்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஜெனரேட்டர் அறையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். டீசல் வீணாகிறது என்பது அவருடைய எண்ணம். எண்ணம் அவருடையது, டீசல் எல்லோருடையது. சில்லர் நின்றது, லிஃப்ட் நின்றது. தம்பி ஓடிப்போய் ஐஸ் வாங்கினான். ஐஸ் உருகி உப்புநீரில் கலந்தால் பவளத்துக்கு ஆகாது என்று அதைப் பைகளில் இறுக்கிக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். நான்காம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அக்கா இறங்கி வந்து பார்த்தபோது மடியில் இருந்த ஐஸ் உருகக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. துக்கத்துக்கு வந்த செயலாளர், அவள் காதுபடவே, "மீனுக்கு ஐஸ் சுமக்கச் சொல்லி இவரை யாரு கேட்டா?" என்றார். அடுத்த சங்கக் கூட்டத்தில், பாதுகாப்புக் கருதி அவள் வீட்டு ஜெனரேட்டர் இணைப்பைத் துண்டிப்பதென்று முடிவாயிற்று. எதிர்த்து ஒரு கை எழவில்லை. அவளோடு தினம் லிஃப்டில் இறங்கியவர்கள்கூடத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தாள். ஒரு பவளத்தின் நுனி வெளுத்திருந்தது. தம்பி விட்டுப்போனதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான். வேறொன்றும் தோன்றாமல் கையை உள்ளே விட்டாள். அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு வந்த கோடைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தை அவள் தொட்டியோரம் கழித்தாள். கோபம் இருந்தவரை பவளத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை ஆறுதலால் வந்தது. சித்தி ஒருநாள் அவள் தலையைத் தடவி, "மனச ஆத்திக்கோடி, எத்தன நாளைக்கு இதையே புடிச்சிட்டிருப்பே?" என்றாள். தண்ணீர் ஒரு டிகிரி ஏறியது. "இந்தக் கோடை போகட்டும் சித்தி, அப்புறம் ஆத்திக்கிறேன்" என்று அக்கா சித்தியின் கையை மெல்ல எடுத்துவிட்டாள். விஷயம் பரவி, கூட்டத்தில் வாய் மூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வருத்தம் சொல்ல மேலே வரத் தொடங்கியபோது, மன்னிப்புக் கேட்பவர்கள் மழைக்காலத்தில் வரலாம் என்று காவலாளி மூலம் சொல்லியனுப்பினாள். பாதிப் பேர் மழை வந்ததும் மறந்துபோனார்கள். அந்த மறதி அடுத்த கோடைக்கு உதவியது.

வெயில் மிகக் கொடுமையாக இருந்த ஒரு வருடம், லிஃப்ட் பழுதாகிக் கிடந்த மதியத்தில், செயலாளர் ஐந்து மாடியும் ஏறி வந்தார். வயதாகிவிட்டது. நான்காம் மாடித் திருப்பத்தில் அவரும் உட்கார வேண்டியிருந்தது. அங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவர் சொல்லவில்லை. அக்கா தொட்டிக்குள் கையை வைத்தபடி இருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் அதப் பூட்டியிருக்கக் கூடாதும்மா" என்று சொல்லி அழுதார்.

எத்தனை வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் நெஞ்சு இளகியது, கை வெதுவெதுத்தது. ஊதா விரல்கள் சுருங்கின. மீன்கள் அடியில் போய் ஒளிந்தன. இருபத்தெட்டு, முப்பது என்று ஏறிக்கொண்டே போனது.

"சார், அழாதீங்க. துக்கத்துக்கு வந்த அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் மிரண்டுபோனார். "என்னால முடியாதும்மா."

"முயற்சி பண்ணுங்க. அன்னைக்கு அவ்வளவு சுலபமா வந்துதே."

வாயைத் திறந்தார். வரவில்லை. கடைசியில் பாக்கெட்டிலிருந்து ஜெனரேட்டர் அறைச் சாவியை எடுத்துத் தொட்டியின் கண்ணாடி விளிம்பில் வைத்தார். அக்கா அதை அதுவரை பார்த்ததில்லை. சுண்டுவிரல் அளவுகூட இல்லை. பாக்கெட்டிலேயே கிடந்து தேய்ந்து பளபளத்தது. இவ்வளவுதானா, இத்தனூண்டு இரும்புக்கா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள்வரை சில்லிட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்தது. தண்ணீர் இருபத்தைந்தில் வந்து நின்றது.

சாவி இப்போதும் தொட்டியோரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஜெனரேட்டர் அறை அதன்பின் பூட்டப்படவில்லை. அறுத்த இணைப்பைத் திரும்பக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியனை, தேவையில்லை என்று அக்கா வாசலிலேயே அனுப்பிவிட்டாள். புதிதாகக் குடிவருபவர்களிடம், தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை எடுக்கும் நேரத்தையும் சொல்லும்போது, கோடையில் ஐந்தாம் மாடியில் யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது என்பதையும் காவலாளி சொல்லிவிடுகிறார். செயலாளர் வாரம் ஒருமுறை வந்து தொட்டியின் கண்ணாடியைத் துடைக்கிறார். மழைக்காலத்தில் அக்கா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பாள். கோடையில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. பவளம் விளிம்புவரை வளர்ந்துவிட்டது.