சடையப்பன் சொன்ன வசனம்

என் புருஷன் தேவராஜ் எங்கள் காதல் கதையை ஆரம்பித்துவிட்டார். இருபது வருஷமாகக் கேட்கிற கதை. இன்றைக்குக் கேட்க வந்திருப்பவள் ஜெயம்மாள். அவள் மகன் வெங்கடேசன் முந்தாநாள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் என் மகள் அனுஷாவின் கையைப் பிடித்து முறுக்கினான். ஊரே பார்த்துவிட்டதாம். அதனால் வெற்றிலைத் தட்டோடு பெண் கேட்டு வந்திருக்கிறாள்.

"எங்க கதயும் இதேதாம்மா," என்று இவர் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "கூத்துல கோமாளி வளையக்காரனா வந்து, பொண்ணு கைய புடிச்சிக்கினு வுடமாட்டானே! மறுநாளே ஏரிக்கரையில நான் இவ கைய புடிச்சிட்டேன். அத்தன வளையும் நொறுங்கிப்போச்சு!"

ஜெயம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தக் காமெடிக்குச் சிரிக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. இப்போது டிவி சீரியலிலும் அதே கைப்பிடிதான், பின்னால் பாட்டு வேறு. நானும் சிரித்தவள்தான். ஆனால் கூத்தில் பெண்ணாக நின்றவன் சடையப்பன். விடிந்ததும் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கையைப் பிடித்தவனோடேயே டீ குடிக்கப் போய்விடுவான். நான் எங்கே போவது? மணிக்கட்டில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் சொட்ட நின்றேன். அதைப் பார்த்தும் கரையில் இருந்த ஜனம் சிரித்தது. அடுத்த மாசமே தாலி. தூ!

"அப்போ இவ இன்னா சொன்னா தெரியுமா?"

இந்த இடத்தில் நான் தலைகுனிந்து, 'இன்னொரு கை சும்மாதான கீது' என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்! சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றது. அனுஷா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லேன் கனகா."

"நான் ஒண்ணும் சொல்லல. அழுதுக்கினு இருந்தேன். அது கூத்துல சடையப்பன் சொன்ன வசனம்."

"இன்னாடி பேசற, வந்தவங்க முன்னால?"

"அன்னிக்கி என் மூஞ்சி எப்பிடி இருந்திச்சின்னு உனுக்கு ஞாபகம் கீதா? சொல்லு பாக்கலாம்."

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அதெல்லாம் பழங்கத, வுடும்மா," என்று ஜெயம்மாள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "நல்ல நேரம் போவுது, எடுத்துக்க."

அனுஷா வெளியே வந்தாள். கையில் டீ இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, சுடிதார் கையைச் சுருட்டிவிட்டு, கன்றிப்போன மணிக்கட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். வெங்கடேசனின் நாலு விரல் தடமும் நீலமாகத் தெரிந்தது. நான் என் தழும்புக் கையை அதை ஒட்டி வைத்தேன். வெற்றிலைமேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. யாரும் அதை ஓட்டவில்லை.